சைக்காலஜி சீட்டும் ஹரிநாராயணன் சாரும்

2024 ஜூன் 26

எல்லாவற்றையும் நான் முன்னமே சொன்னேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே, லட்டு வாயில் இருக்கும்போதே சொன்னேன், மார்க் நல்ல மார்க்தான், ஆனால் கேட்ட பாடம் கிடைக்காது என்று. யாரும் கேட்கவில்லை. மனசுக்குள் சொன்னதை யார் கேட்பார்கள்?

இன்று அலாட்மென்ட் வந்துவிட்டது. என் தங்கை ஆவுடைத்தாயின் மகள் ஷில்பா ஃபோனில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பாளையத்துக் காலேஜில் இடம் இருக்கிறது. ஆனால் அவள் முதலில் போட்ட சைக்காலஜி இல்லை, பிலாசபி. சைக்காலஜிக்குக் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இன்டெக்ஸுக்கும் இவளுடையதுக்கும் மயிரிழை வித்தியாசம்.

இன்டெக்ஸ் என்றால் மார்க்தானே என்று கேட்டேன். "மார்க் இல்ல மாமா, மார்க்கில இருந்து உண்டாக்குறது" என்றாள். பாலில் இருந்து தயிர் மாதிரியா? "ஆமா" என்றாள், ஆளை விட்டால் போதும் என்கிற குரலில். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் எட்டாவது வரை படித்தவன். அந்தக் காலத்து எட்டாவது.

ஆனால் தயிர் எப்படி மார்க்கை விடக் குறைவாக வரும்? அது மட்டும் பிடிபடவில்லை.

ஜூன் 27

தங்கை வீட்டுக்குப் போனேன். ஷில்பா சாப்பிடவில்லை. மச்சான் மகாராஜா வழக்கம்போல சத்தம் இல்லாத டிவிக்கு முன்னால்.

மச்சான் கொத்தனார். கழக்கூட்டத்தில் ஃப்ளாட் வேலையில் சாரத்தில் இருந்து விழுந்தான். ஏழாவது மாடி என்று நான் சொல்வேன். "ரெண்டாவது மாடிண்ணே" என்று ஆவுடை திருத்துவாள். கால் சேர்ந்துவிட்டது. பேச்சுதான் சேரவில்லை. நாக்கில் ஒன்றும் கோளாறு இல்லை, பேசுவதில்லை, அவ்வளவுதான். மெடிக்கல் காலேஜில் ஒரு லேடி டாக்டர் மட்டும் என்னவோ கேட்டுக் கேட்டு அவனைக் கொஞ்சம் பேச வைத்தார். அப்புறம் அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். ஷில்பா அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "அந்த டாக்டர் கேட்ட மாதிரி கேக்கப் படிக்கணும்" என்று அவள் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆவுடை முடிவாகச் சொன்னாள். "வேண்டாததப் படிச்சு நாலு வருசம் கழிக்காண்டாம். நான் நிக்கிற துணிக்கடை முதலாளியோட தம்பி கழக்கூட்டத்துல கடை தொறக்கான். பில்லிங்குக்கு ஆள் வேணுமாம். இவ போவட்டு."

அந்தப் பிள்ளை எழுந்து போய் அப்பனுடைய டிவியை அணைத்தாள். அவன் அணைந்த டிவியையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது நான் சொன்னேன். "யாரும் எங்கயும் போவாண்டாம். யுனிவர்சிட்டி ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு. ஹரிநாராயணன் சார், செக்‌ஷன் ஆபீஸர். நம்ம ஹோட்டல்லதான் தினமும் சாப்பாடு. இன்னைக்கு மத்தியானம் நான் விஷயத்தச் சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'தாணு, பிள்ளைய பிலாசபியில சேத்து விடு. சைக்காலஜிய மைனரா எடுக்கச் சொல்லு. வருசம் ஒண்ணு முடியட்டும், அங்கேருந்து இங்க மாத்திக்கிடலாம். மைனரா எடுக்கலன்னா மட்டும் என் கிட்ட வராத' அப்படின்னாரு."

ஆவுடை முகம் மாறியது. "நெஜமாவாண்ணே?"

"பின்ன?"

ஷில்பா தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சாப்பிட்டாள்.

"ஒரு வருசம் பாப்போம். மாறலன்னா பில்லிங்தான்" என்றாள் ஆவுடை. அது நியாயம்தான்.

ஜூலை 3

காலேஜ் தொடங்கிவிட்டது. முதல் நாள் டீச்சர் ஒரு நாற்காலியைக் காட்டி, இது இங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாராம். கிளாஸ் முழுக்க அதே பேச்சாம். அந்த டீச்சரை மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் ஹோட்டலுக்கு வரச் சொல்ல வேண்டும். நாற்காலி இருக்கா இல்லையா என்பது இலைக்குக் காத்து நிற்கிறவனுக்குத் தெரியும்.

ஹோட்டலில் நான் மேனேஜர். முதலாளி சேஷன் சாமி வலியசாலைக்குச் சாப்பிடப் போகும் நேரம் கல்லாவில் உட்காருவது நான்தானே. மற்ற நேரம் சாம்பார் வாளி.

ஜூலை 9

சைக்காலஜியை மைனராக எடுத்துவிட்டாள். மேஜர் என்றால் சோறு, மைனர் என்றால் கூட்டு. இப்போது நன்றாகப் புரிகிறது.

ஜூலை 10

புரியவில்லை. இரண்டு மைனராம். அது தவிர இன்னொன்று இருக்கிறதாம், அது மேஜரும் இல்லை மைனரும் இல்லையாம். அப்படியானால் அது என்ன, ஊறுகாயா? கேட்டதற்கு ஷில்பா சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று. அதனால் மறுபடியும் கேட்டேன்.

செப்டம்பர் 13

ஓணத்துக்கு ஆவுடை ஒரு டப்பா நேந்திரங்காய் உப்பேரி கொடுத்து விட்டாள், ஹரிநாராயணன் சாருக்கு. சாரைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். ஒல்லியான ஆள், மூங்கில் மாதிரி. இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பார். மனைவி பெயர் சீதாலக்ஷ்மி, வீணை வாசிப்பாள். ரசம் மட்டும் இரண்டு தடவை வாங்குவார். சொல்லச் சொல்ல எனக்கே அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டு வந்தது.

உப்பேரியைச் சாரிடம் சேர்த்தாயிற்று.

செப்டம்பர் 14

பிரேமா கட்டிலுக்கு அடியில் காலி டப்பாவைப் பார்த்துவிட்டாள். "உங்க சாரு நம்ம வீட்டு கட்டிலுக்க கீழயா குடியிருக்காரு?" என்று கேட்டாள். சார் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார், நாகரிகம் தெரிந்த மனுஷன் என்றேன். பெண்டாட்டியாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

2025 ஜனவரி 18

முதல் செமஸ்டரில் சைக்காலஜி மைனரில் நல்ல மார்க். பிலாசபியிலும் நல்ல மார்க்தான். நாற்காலி இருக்கிறது என்று எழுதினாளா இல்லை என்று எழுதினாளா என்று கேட்டேன். "ரெண்டும் எழுதினேன் மாமா" என்றாள். கெட்டிக்காரி. என் தங்கை மகள் அல்லவா.

மார்ச் 2

ஞாயிறு. தங்கை வீட்டில் இருந்தேன். ஷில்பா அப்பனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பாதிப் பட்டாணியை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். கொஞ்சம் கழித்து மச்சானும் உரிக்க ஆரம்பித்தான். இது பாடமா என்று பிறகு கேட்டேன். "பாடத்துல இல்ல. சும்மாதான்" என்றாள்.

மே 29

அறிவிப்பு வந்துவிட்டது. முதல் வருஷம் முடித்தவர்கள் மேஜர் மாற்ற விண்ணப்பிக்கலாம், அந்தப் பாடத்தை மைனராகப் படித்திருந்தால். அப்படியே எழுதியிருக்கிறது! சார் சொன்னதுபோலவே! ஷில்பா ஃபோனில் வாசித்துக் காட்டினாள், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். எதற்கு இன்னொரு தடவை? நான்தான் அன்றைக்கே சொன்னேனே.

ஆனால் ஒரு சிக்கல். பாளையத்துக் காலேஜில் சைக்காலஜியில் ஒரே ஒரு இடம்தான் காலி. பொன்முடி போகிற ரோட்டில், நெடுமங்காடு தாண்டி ஒரு காலேஜ் இருக்கிறது, அங்கே காலி இடம் கூடுதல். காலேஜ் மாறி அங்கே போகவும் விண்ணப்பிக்கலாம். எதற்குப் போடுவது, இதற்கா, அதற்கா, இரண்டுக்குமா?

"சார் கிட்ட கேளுங்க மாமா" என்றாள்.

மே 31

சாரைக் கேட்டாயிற்று. பாளையத்துக்கு மட்டும் போடச் சொல்லிவிட்டார். "அந்த ஒரு இடம் நம்ம பிள்ளைக்குத்தான், நான் சொல்லி வச்சாச்சு. மலைப்பக்கத்துக் காலேஜுக்கும் போட்டா, இவளுக்கு இங்க இஷ்டம் இல்ல போலிருக்குன்னு நெனச்சிடுவாங்க" என்றார். ஆவுடை வீட்டில் போய் அப்படியே சொன்னேன். ஆவுடை கையெடுத்துக் கும்பிட்டாள், என்னை இல்லை, நான் வந்த திசையை.

ஷில்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சார் அப்படித்தான் சொன்னாரா?"

"சொன்னாரு."

"சரி மாமா."

ஏன் மலைக் காலேஜ் வேண்டாம் என்று வாயில் வந்தது? பொன்முடி பஸ்ஸில் அந்த வளைவுகளில் பிள்ளை தினமும் போவதை நினைத்தேனா? இல்லை, ஆள் வைத்திருப்பவன் சொன்னால் ஒரே இடமாகத்தான் சொல்ல வேண்டும், இரண்டுக்கும் போடு என்றால் அதற்கு ஆள் எதற்கு என்று தோன்றியதா? தெரியவில்லை.

ஜூன் 4

காலையில் ஹோட்டலுக்குப் போகும் வழியில் யுனிவர்சிட்டி ஆபீஸுக்குள் போனேன். சும்மா பார்க்கத்தான். எத்தனை கதவு, எத்தனை போர்டு. எல்லாம் மலையாளம், மலையாளம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, ஆனாலும் எந்தக் கதவில் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு கவுண்டரில் இருந்த பெண் "எந்தா அண்ணாச்சி?" என்று கேட்டாள். கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கேன்டீன் எங்கே என்று கேட்டுவிட்டேன்.

அவள் காட்டிய வழியில் போய் ஒரு டீ குடித்தேன். டீ நன்றாக இல்லை. எங்கள் டீயைக் குடித்துப் பழகிய ஆபீஸர்கள் இதை எப்படிக் குடிக்கிறார்கள்?

ஜூன் 17

பட்டியல் வந்துவிட்டது. பாளையத்து இடம் ஸ்ரீலட்சுமி என்ற பிள்ளைக்கு. இவளை விட மார்க் கூடுதல். ஷில்பா இரண்டாவது. ஒரு இடத்துக்கு இரண்டாவது என்றால் என்ன, இரண்டாவது? சாப்பாடு தீர்ந்த பிறகு அடுத்த இலை உங்களுக்குத்தான் என்று சொல்கிற மாதிரி.

எங்கே தப்பானது? எல்லாம் சொன்னபடிதானே போய்க்கொண்டிருந்தது.

ஆவுடை ஃபோன் பண்ணினாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணே, சார் கிட்ட ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கண்ணே. அவரு நெனச்சா நடக்கும்லா." சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 18

சார் லீவ்.

ஜூன் 19

சார் லீவ் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? கழக்கூட்டத்துக் கடையில் இருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த திங்கள் பிள்ளையை அனுப்புகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று ஆவுடை கேட்கிறாள், என்னிடம் கேட்கிறாள், நான் என்ன சொல்ல, அந்தப் பிள்ளை பட்டாணி உரித்து உரித்து அப்பனைக் கொஞ்சம் எழுப்பிக்கொண்டு வருகிறாள், நேற்று அவன் "உப்பு" என்று கேட்டானாம், ஒரு வார்த்தை, அது கெட்டுப் போகுமே, என் வாயால—

மத்தியானம் ரசத்தை ஒருத்தர் மடியில் ஊற்றிவிட்டேன். சேஷன் சாமி "தாணு, நீ வீட்டுக்குப் போடா" என்றார். வந்தேன்.

பிரேமா சோறு போட்டாள். சாப்பிட முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து கேட்டாள், சத்தமே இல்லாமல், "அந்த சாருக்கு எந்த ஊருங்க?"

வலியசாலை என்றேன்.

"வலியசாலையில எங்க?"

தெப்பக்குளம் பக்கம் என்றேன்.

"எனக்கு அங்க எல்லா வீடும் தெரியும். வீணை வாசிக்கிற சீதாலக்ஷ்மியக் காணல்லியே."

போய்ப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிகூட ஆகவில்லை.

ஜூன் 21

குழப்பம். முதலில் இருந்து எழுதினால் தெளியும்.

ஷில்பா ஹோட்டலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, ரோட்டோரம் நின்றாள். வாளியை வைத்துவிட்டு ஓடினேன். முகத்தைப் பார்த்தால் அழுத மாதிரியும் இல்லை, சிரித்த மாதிரியும் இல்லை.

"மாமா, மலைப்பக்கத்துக் காலேஜ்ல ஸீட் கிட்டிச்சு. சைக்காலஜி. இன்னைக்குத்தான் லிஸ்ட் வந்துச்சு."

"அதுக்கு நீ போடவே இல்லியே!"

"போட்டேன்."

"சார் போடாண்டாம்னு சொன்னாரே!"

"அதான் உங்க கிட்ட சொல்லல. அம்மா கிட்டயும் சொல்லல. சொன்னா, சார் சொன்னத மீறிட்டியான்னு கேட்டிருப்பா."

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ரோட்டில் நின்றுகொண்டு அழுதேனா? இல்லை. வெயில். சாம்பாரில் மிளகாய் அதிகம். ஷில்பா துப்பட்டா முனையை நீட்டினாள், வெயிலுக்குத்தான்.

"பஸ் விடியக் காலையில புடிக்கணும். பரவால்ல. வளைவுல தலை சுத்தினா கண்ணை மூடிக்கிடுவேன்" என்றாள்.

"நான் அன்னைக்கே நெனச்சேன் நீ ரெண்டுக்கும் போடுவேன்னு" என்றேன்.

"எனக்குத் தெரியும் மாமா."

போகும்போது திரும்பி எதிர்ப்பக்கம் மாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சாரோட போர்டுல எழுத்தெல்லாம் வெயில்ல மங்கிப் போச்சு. பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்க."

எதைச் சொல்கிறாள்? எனக்குப் புரியவில்லை. அப்படித்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 29

ஞாயிறு. தங்கை வீட்டில் பாயசம். கழக்கூட்டத்துக்கு ஆவுடை வேறு ஆளைச் சொல்லிவிட்டாள். எல்லாம் நல்லபடி. ஆனால் ஒரு தட்டில் வெற்றிலை, பழம், ஒரு வேட்டி, பெரிய டப்பா நிறைய முறுக்கு. "நாளைக்கு நானே வாறேன். சாரை நேர்ல பாத்துக் கும்பிடணும். ஒரு காலேஜ் போனாலும் இன்னொரு காலேஜ்ல சொல்லி வாங்கிக் கொடுத்துட்டாருல்லா" என்றாள்.

சாருக்கு மாற்றல் என்று சொல்லலாமா? சார் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லலாமா? பாவம், அவர் என்ன செய்தார்? பிரேமா பாயசத்தைக் கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். இன்றைக்கு மாட்டினீர்கள் என்கிற பார்வை.

"அம்மா, நான் பாத்து தாங்க்ஸ் சொல்லியாச்சு" என்றாள் ஷில்பா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"வியாழக்கிழமை போனேன். மாமா ஹோட்டல்லதான் சார் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுஷன். குண்டா, தொப்பையோட, கழுத்துல ருத்திராட்சம். என்னைய உக்கார வச்சு ஒரு வடை வாங்கிக் கொடுத்தாரு. காணிக்கையெல்லாம் ஒண்ணும் கொண்டு வராண்டாம், நல்லாப் படிச்சா போதும்னு சொன்னாரு."

கண்ணிமைக்கவில்லை. ஒரு தடுமாற்றம் இல்லை. ருத்திராட்சம்! எனக்குத் தோன்றியிருக்காது. ஒரு நிமிஷம் நானே யோசித்துவிட்டேன், வியாழக்கிழமை அப்படி ஒருத்தர் வந்தாரோ என்று.

ஆவுடை நெற்றியைச் சுருக்கினாள். "சார் ஒல்லியா இருப்பாருன்னுல்லா அண்ணன் சொல்லிச்சு? மூங்கில் மாதிரின்னு?"

நான் ஷில்பாவைப் பார்த்தேன், ஷில்பா பாயசத்தைப் பார்த்தாள்.

டிவிப் பக்கம் இருந்து குரல் வந்தது. நீண்ட நாள் எண்ணெய் போடாத கதவு மாதிரி குரல்.

"ஒரு வருசமா நம்ம வீட்டு உப்பேரியும் முறுக்கும் தின்னா, குண்டாவாம என்ன செய்வாரு மச்சான்?"

மகாராஜா. டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் வாய் ஓரம் கோணியிருந்தது. பிரேமாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் நான். ஆவுடை சிரிக்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஷில்பா அப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முறுக்கு டப்பாவைத் திறந்து அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

ஜூலை 2

ஷில்பா முதல் பஸ்ஸில் மலைக் காலேஜுக்குப் போய் வந்தாள். இரண்டு வளைவில் கண்ணை மூடினாளாம், பிறகு மறந்துவிட்டாளாம்.

நான் சொன்னது எல்லாம் நடந்தது. அதில் மாற்றம் இல்லை. ஒன்றை மட்டும் இங்கே எழுதி விடுகிறேன், பிரேமா படித்தாலும் சரி.

ஹரிநாராயணன் சார் என்று ஒருத்தர் கிடையாது. போன வருஷம் ஜூனில், இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள், மேஜர் மாற்றலாம், மைனரா எடுத்திருக்கணும் என்று. யார் என்று தெரியாது. சாம்பார் ஊற்றும்போது பாதி காதில் விழுந்தது, மீதியைக் கேட்பதற்குள் அடுத்த இலையில் கூப்பிட்டார்கள். அந்தப் பாதியை எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால் அந்த வீட்டில் யார் நம்புவார்கள்? அதனால்தான் ஒரு ஆபீஸர் வேண்டியிருந்தது. மலைக் காலேஜ் வேண்டாம் என்றது மட்டும் முழுக்க என்னுடையது.

பெயர், ஹோட்டலுக்கு எதிர் மாடியில் இருக்கும் ஹோமியோ டாக்டருடையது. வாசலில் நின்றால் போர்டு தெரியும். இன்று காலை நன்றாகப் பார்த்தேன். ஷில்பா சொன்னது சரிதான், எழுத்து மங்கித்தான் போயிருக்கிறது.

அந்த டாக்டர் ஒல்லியா குண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.